உப்புக் காற்றில் பழசாகும் ஏ.சி.: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கோடை தொடங்கியதும் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊர்களிலும், அங்கிருந்து உள்ளே தள்ளி திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் உள்ள கிளியனூரிலும் பழைய ஏ.சி.க்கள் தகராறு செய்ய ஆரம்பிக்கும். குளிர் குறைந்தால் காதில் விழும் முதல் பேச்சு, "கேஸ் தீர்ந்துபோச்சு, போட்டுடலாம்" என்பதுதான். பணம் கொடுத்து நிரப்புகிறோம்; அடுத்த கோடையிலும் அதே செலவு. ஆனால் ஏ.சி.யில் உள்ள கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகுதான் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

கடலோரத்தில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

அவுட்டோர் யூனிட்டின் கண்டென்சரில் பொதுவாகத் தாமிரக் குழாயும் அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகளும் இருக்கும். கடல்காற்றில் வரும் உப்புத் துகள் இந்தத் தகடுகளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீரை உறிஞ்சிக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும். அதனால் மழை இல்லாத மே மாதத்திலும் தகட்டின் மேல் உப்புநீர்ப் படலம் எளிதில் காய்வதில்லை. தாமிரமும் அலுமினியமும் ஒட்டியிருந்து உப்புநீரில் நனைந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் முதலில் அழிவது அலுமினியம். தகடு அரித்துப்போனால் வெப்பம் சரியாக வெளியேறாது. கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் திணறும், கரண்ட் கூடுதலாக இழுக்கும்.

காற்றில் உள்ள உப்பு கரையிலிருந்து உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். எனவே உப்பளத்துப் பக்கத்து வீட்டுக்கும் கிளியனூர் வீட்டுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. வாங்கிய வருடத்தைவிடத் தகட்டின் நிலையே ஏ.சி.யின் உண்மையான வயதைச் சொல்லும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு யூனிட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். தகடுகள் வெளுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கினால் அந்தக் கண்டென்சரின் காலம் முடிந்துவிட்டது.

எதைச் சரி செய்யலாம்?

பழைய வகை ஏ.சி.யில் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றால் முதலில் சோதிக்க வேண்டியது கேபாசிட்டரை. சில நூறு ரூபாயில் முடியும் வேலை இது. ஃபேன் மோட்டார், சென்சார், அடைபட்ட டிரெயின் பைப் ஆகியவற்றுக்காகவும் ஏ.சி.யையே மாற்றத் தேவையில்லை. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் பல்லியோ எறும்போ புகுந்து பி.சி.பி. போர்டு போவதுண்டு, தகடு நன்றாக இருந்தால் போர்டை மாற்றலாம்.

கேஸ் கசிவு என்றால் நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழாய் இணைப்பில் கசிவு என்றால் சரி செய்து, வேக்குவம் போட்டு, யூனிட்டின் ஸ்டிக்கரில் குறித்துள்ள எடைக்குக் கேஸ் நிரப்ப வேண்டும். அரித்துப்போன காயிலிலேயே ஓட்டை என்றால், ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். அதற்குமேல் கேஸுக்குச் செலவிடும் பணம் காற்றில்தான் போகும்.

ஸ்டிக்கரில் ஆர்-22 என்று இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் இந்த வகை வாயுவைக் கொண்டு புதிய கருவி தயாரிக்க இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஆர்-22 ஏ.சி.யில் ஆர்-32 கேஸை நிரப்பவே கூடாது. ஆர்-32-இன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல்; எண்ணெயும் வேறு; ஓரளவு தீப்பற்றும் தன்மையும் உண்டு.

புதிதாக வாங்கினால் என்ன மிச்சம்?

ஸ்டாரை எண்ணினால் மட்டும் போதாது. 2018 அட்டவணையில் ஐ.எஸ்.இ.இ.ஆர். (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி என்பதன் அளவு) மதிப்பு 4.5 இருந்தால் 5 ஸ்டார் கிடைத்தது. 2022 ஜூலை முதல் அதற்கு 5.0 வேண்டியிருந்தது. அதனால் லேபிளில் உள்ள அந்த எண்ணையும், லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்பதையும் பாருங்கள். 3.1 மதிப்புள்ள ஏ.சி. 100 யூனிட் செலவழித்துத் தரும் குளிர்ச்சியை 5.0 மதிப்புள்ளது சுமார் 62 யூனிட்டில் தரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் உயர்ந்த கட்டண அட்டவணை பொருந்துவதால், அந்த எல்லைக்குள் நிற்பதே பெரிய மிச்சம். லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு மின்செலவு 1,600 மணி நேரத்துக்கானது. அதைவிட அதிகம் ஓட்டுவோர் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

எங்கே, எப்படி மாட்டுவது?

கண்டென்சர் தகட்டுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அவுட்டோர் யூனிட்டைக் கடல்காற்று நேராக அறையாத சுவரில், காற்றோட்டம் தடைபடாமல் மாட்டுங்கள். தரையில் வைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் புகுந்த யூனிட்டை மெக்கானிக் சோதிக்கும்வரை ஆன் செய்யக் கூடாது.

கோடையில் அவுட்டோர் தகட்டை அடிக்கடி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவாதீர்கள்; கழுவக் கழுவ உப்பு ஏறும். ஆசிட் கலந்த கிளீனரும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே வைக்காமல், கூடவே மின்விசிறியை ஓட்டுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்; கம்ப்ரசருக்கும் உழைப்பு குறையும்.

பழையதை என்ன செய்வது?

காயலான் கடைக்குப் போடுவதற்காகத் தாமிரக் குழாயை அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் கேஸ் முழுதும் வெளியேறும். ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1.8 டன் கரியமில வாயுவுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கும். கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருந்தால் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடிய பிறகே கழற்றச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பழைய ஏ.சி. மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகிறதா என்று கேட்பது நம் உரிமை. பூமி சூடாகச் சூடாக வெயிலில் உழைக்கும் உப்பளத் தொழிலாளர்களை நினைத்தால் அது நம் கடமையும்கூட.