நாளுக்கு ஒரு பனியன்! நள்ளிரவில் விலை ஏறும்!

மலிவு சாமான் கடைக்காரர் ஓவியர்களைத் தேடிப் போன கதை

ஒரு கடை. கடைக்குள் ஒரே ஒரு சாமான். அதுவும் இன்று ஒரு நாளைக்குத்தான். நடு ராத்திரி 12 மணி அடித்தால் அந்தச் சாமான் போய்விடும். வேறு சாமான் வந்துவிடும்.

"இப்படிக் கடை வைத்தால் போணி ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஆனது! சக்கைப் போடு போட்டது!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டி கேரல்டன் என்று ஓர் ஊர். 2004-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கிருந்துதான் இந்த இன்டர்நெட் கடை கிளம்பியது. கடையின் பெயர் "வூட்". கம்ப்யூட்டர் விளையாட்டில் ஜெயித்தவர்கள் குஷியில் போடும் கூச்சல் அது. அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

ஆரம்பித்தவர் மேட் ரட்லெட்ஜ். எலக்ட்ரானிக் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கும் தொழிலில் இருந்தவர். இந்தத் தொழிலில் சரக்கு தேங்கினால் ஆபத்து. ஆறு மாதம் போனால் புது மாடல் வந்துவிடும். பழையதைச் சீந்த ஆள் இருக்காது. தேங்கிய சரக்கைத் தள்ளிவிட அவர் கண்டுபிடித்த வழிதான் "ஒரு நாள், ஒரு சாமான்".

"யோசித்துச் சொல்கிறேன்" நடக்காது

இந்த வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

ஆயிரம் சாமான் வைத்திருந்தால் ஆயிரம் படம், ஆயிரம் விலைச்சீட்டு வேண்டும். ஒரே சாமான் என்றால் ஒரே வேலை. எல்லாப் பார்சலும் ஒரே அளவு. அனுப்பும் கூலி அப்போது எதற்கும் 5 டாலர்தான்.

வாங்க வருகிறவருக்கோ அவசரம். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல்ல முடியாது. நாளைக்கு அது இருக்காது! சாமான் பகலிலேயே தீர்ந்துபோனால், அடுத்த சாமானுக்கு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு நள்ளிரவு என்றால் நமக்குக் காலை பத்தரை அல்லது பதினொன்றரை மணி.

இன்னொரு விசேஷம், ஒளிவு மறைவு இல்லாத பேச்சு. பழைய மாடலைப் பழைய மாடல் என்றே சொன்னார்கள். பழுது பார்த்துப் புதுப்பித்த சரக்கை அப்படியே எழுதினார்கள். தங்கள் சாமானைத் தாங்களே கிண்டல் செய்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கினார்கள்.

குப்பை மூட்டைக்கு அடிதடி!

அவ்வப்போது "குப்பை மூட்டை" என்றே பெயர் வைத்து ஒன்றை விற்பார்கள். அப்போது ஒரு மூட்டை 1 டாலர். ஒருவருக்கு மூன்று மூட்டைதான். உள்ளே என்ன இருக்கும்? யாருக்கும் தெரியாது. உதவாத பொருளாகவும் இருக்கலாம், நல்ல சாமானும் இருக்கலாம். இதை வாங்க ஏற்பட்ட நெரிசலில் கடையின் கம்ப்யூட்டரே திணறி நின்றது உண்டு!

2006-ல் இதே பாணியில் ஒயின் விற்பனையும் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்ததுதான் டி-சர்ட்.

பனியனில் என்ன சிக்கல்?

ரேடியோ, கேமரா விற்கிறவருக்குப் பனியன் எதற்கு?

மலிவு வியாபாரியின் தலைவலி இதுதான். அவர் விற்பது பிறர் கையிருப்பில் மிஞ்சியதை. மிஞ்சினால்தான் சரக்கு. அதே கேமரா பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். அவன் ஒரு டாலர் குறைத்தால் ஆட்டம் முடிந்தது.

பனியனில் போடும் படம் அப்படி இல்லை. அந்தப் படம் அந்தக் கடையில் மட்டும்தான். விலையை ஒப்பிட ஆள் கிடையாது.

ஆனால் இதில் வேறு சங்கடம் உண்டு. கேமராவுக்கு ஒரே அளவு. பனியனுக்கோ ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு, அதிலும் சின்னது, பெரிது. கேமரா நன்றாக வேலை செய்தால் போதும். பனியன் மனசுக்குப் பிடிக்க வேண்டும்!

அச்சுச் செலவும் அப்படித்தான். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி திரை கட்ட வேண்டும். பத்துப் பனியன் அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் திரைச் செலவு அதேதான். ஒரு நாளில் ஒரே படத்துக்கு ஆர்டர் குவிந்தால் செலவு பங்காகிக் குறையும். "நாளுக்கு ஒன்று" என்ற பழைய சூத்திரம் இங்கேயும் கை கொடுத்தது!

2007-ம் ஆண்டு விற்பனை தொடங்கியது. முதல் நாள் விலை 10 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 400 ரூபாய். அனுப்பும் கூலியும் அதிலேயே அடக்கம். நள்ளிரவு தாண்டினால் விலை ஏறிவிடும்.

ஓட்டுப் போட்டுத் தேர்வு

படத்துக்கு எங்கே போவது? வாரா வாரம் போட்டி வைத்தார்கள். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஓவியர்கள் படம் போட்டு அனுப்புவார்கள். பொதுமக்கள் ஓட்டுப் போடுவார்கள். முதல் மூன்று படங்கள் அச்சுக்குப் போகும்.

இது இவர்கள் கண்டுபிடித்த முறை அல்ல. சிகாகோவில் ஜேக் நிக்கல், ஜேக்கப் டிஹார்ட் என்ற இரு இளைஞர்கள் 2000-ம் ஆண்டிலேயே "திரெட்லெஸ்" என்ற பெயரில் இப்படி ஓட்டு எடுத்துப் பனியன் விற்கத் தொடங்கியிருந்தார்கள். வூட் அதோடு தன் நள்ளிரவுக் கெடுவைச் சேர்த்துக்கொண்டது.

ஜெயித்த ஓவியருக்குப் பணம் உண்டு, பெயரும் உண்டு. தோற்றவருக்கு? ராத்திரி கண்விழித்து வரைந்த உழைப்பு வீண்!

ஜெயித்தாலும் நிம்மதி கிடையாது. ஒரு நாள் முடிந்த படம் பழைய படங்களின் பட்டியலுக்குப் போகும். அங்கே விற்பனைக் கணக்குப் பார்ப்பார்கள். முன்னணியில் நிற்பவை பிழைக்கும். பின்தங்கியவை பட்டியலிலிருந்து நீக்கப்படும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே "கணக்குத் தீர்க்கும் நாள்"! விற்கும் வரைதான் மரியாதை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

அமேசான் வாங்கியது!

2010-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி பெரிய செய்தி வந்தது. அமேசான் கம்பெனி வூட்டை வாங்குகிறது! விலை 11 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய மதிப்பில் சுமார் 500 கோடி ரூபாய்!

ஆரம்பித்தவர் அதிக நாள் தங்கவில்லை. 2012-ல் ரட்லெட்ஜ் வெளியேறினார். 2014-ல் "மெஹ்" என்ற பெயரில் புதுக் கடை திறந்தார். அங்கே என்ன விற்றார் தெரியுமா? நாளுக்கு ஒரே ஒரு சாமான்! விட்ட இடத்திலிருந்தே மறுபடி பிடித்துக்கொண்டார்.

அமேசானோ 2015-ல் வேறு வழியில் போனது. விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள் படம் அனுப்பலாம். ஆர்டர் வந்த பிறகே பனியன் அச்சாகும். விற்றால் படம் போட்டவருக்குப் பங்கு. ஓட்டும் இல்லை, வாரப் போட்டியும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லட்சம் படங்கள் குவிந்த இடத்தில் ஒரு படம் கண்ணில் படுவது லேசா? அன்று நாளுக்கு ஒரு படம் என்றபோது, அந்த ஒரு நாளாவது அத்தனை பேரும் அந்த ஓவியரின் படத்தை மட்டும் பார்த்தார்கள். இன்று கதவு பலருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போனவரைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்!