"எனக்கு எப்படி சிஸ்டர் வரும்?"

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு நான் இன்னும் சிஸ்டர்தான். மார்க்கெட்டிலோ தாம்பரம் போகும் ரயிலிலோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒரு பெண் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "என் வீட்டுக்காரரைத் தவிர வேற யாரையும் தெரியாது. எனக்கு எப்படி சிஸ்டர் வரும்?"

வரலாம். இதில் ஒழுக்கத்துக்கு வேலையே இல்லை. இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவின் வழியாகப் பரவும். ஆணுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து மனைவிக்குத் தொற்றும். அதன் பல வகைகளில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொற்றிய எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே வைரஸை விரட்டிவிடும். சிலருக்குத்தான் தங்கிவிடும், அது புற்றுநோயாக மாற 15, 20 வருஷம்கூட ஆகும். சிறு வயதுத் திருமணம், அடுத்தடுத்துப் பல பிரசவங்கள், புகைப்பழக்கம், பல வருஷம் தொடர்ந்து சாப்பிடும் கருத்தடை மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு ஆபத்து ஆறு மடங்கு.

இத்தனை வருஷ அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதித்தார்கள். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான் டெஸ்ட். ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததிலேயே அந்தப் பகுதியில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

"ஒண்ணும் தொந்தரவு இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" என்பார்கள். தொந்தரவு இல்லாதபோது பார்த்தால்தான் சுலபமாகச் சரிசெய்ய முடியும். உறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பின்னோ ரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளை பட்டால், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

மகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுங்கள். உங்களுக்கு முப்பது தாண்டிவிட்டதா? பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற அன்றைக்கே, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் என்றைக்கு எடுப்பார்கள் என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.