படுக்கையில் புரண்டால் வீடு சுழல்வது ஏன்?

விடியற்காலையில் ஒருக்களித்துத் திரும்பிப் படுத்தவுடன் வீடே சுழல்கிறது. பரணிலுள்ள பாத்திரத்தை எடுக்க அண்ணாந்தாலும் அப்படித்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. அறுபதைத் தாண்டியவர்கள் இதைச் சொன்னால் நம் வீடுகளில் என்ன பதில் வரும்? "பித்தம்", "பிரஷர்", "ராத்திரி சரியாச் சாப்பிடலை". கடைசியில் "வயசாயிடுச்சில்ல". இந்தக் கடைசிப் பதில்தான் அதிகம் கெடுப்பது. அதற்குப் பிறகு யாரும் காரணத்தைத் தேடுவதில்லை.

காரணம் உட்காதில் இருக்கிறது. அங்குள்ள ஒரு சிறு பையின் ஜவ்வின்மேல் கால்சியம் கார்பனேட்டாலான நுண்படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. தலை சாய்ந்தால் புவியீர்ப்பு அவற்றை இழுக்கும், அடியிலுள்ள உணர்மயிர்கள் வளையும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தோம் என்பது மூளைக்குத் தெரியும். கொத்தனாரின் ரசமட்டம் செய்கிற வேலைதான். பையை ஒட்டி மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை சுழல்வதைத் தமக்குள் நிறைந்த திரவத்தின் அசைவால் கண்டுபிடிப்பது அவற்றின் பொறுப்பு.

வயது ஏற ஏறப் படிகங்களின் பிடிப்பு தளர்கிறது. சில உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன; பெரும்பாலும், தாழ்வாக அமைந்த பின்குழாய்க்குள். அதன்பின் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை உருண்டு திரவத்தையும் இழுத்துப் போகின்றன. தலை நின்ற பிறகும் திரவம் நகர்கிறது. சுழல்கிறோம் என்று காது சொல்கிறது, இல்லை என்று உடம்பு சொல்கிறது. படிகங்கள் அடியில் தங்கியதும் சுற்றல் அடங்குகிறது.

இதைக் கண்டறிய ஸ்கேன் தேவையில்லை. லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-ல் விவரித்த சோதனையே இன்றும் போதும். நோயாளியின் தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்களைப் பார்க்கிறார்கள். படிகம் அந்தப் பக்கத்துப் பின்குழாயில் இருந்தால் சில நொடிகளில் கருவிழி துடிக்கத் தொடங்கும்.

சிகிச்சையின் கதை இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி, படிகங்கள்தான் காரணமென்றால் தலையை வரிசையாகத் திருப்பி அவற்றைப் பைக்கே உருட்டிவிடலாமே என்று யோசித்தார். மருந்தும் கத்தியும் இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிற முறை அது. 1980-ல் சக மருத்துவர்களிடம் செய்து காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. ஏளனம் செய்தவர்களே அதிகம். கட்டுரை 1992-ல்தான் அச்சேறியது. இன்று உலகம் முழுவதும் இதற்கான முதல் சிகிச்சை அதுவே. ஓரிரு முறை செய்தாலே பெரும்பாலோருக்குச் சுற்றல் நின்றுவிடுகிறது. திரும்ப வரலாம். வந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம்.

இவ்வளவு எளிய சிகிச்சை இருந்தும் நம் ஊரில் பலர் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. மாத்திரை படிகத்தை நகர்த்தாது. சின்னாரிசின் போன்றவற்றை நெடுநாள் எடுத்தால் முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரலாம். தடுமாற்றத்துக்குப் போட்ட மருந்தே தடுமாற்றத்தைக் கூட்டிவிடும்.

எல்லாத் தள்ளாட்டமும் காதிலிருந்து வருவதில்லை. நிமிர்ந்து நிற்கக் காதோடு கண்ணும் பாதமும் வேண்டும். பல வருடம் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. தரை எங்கே இருக்கிறது என்று கால் சொல்வதில்லை. வெளிச்சத்தில் கண் ஈடுகொடுக்கும், இருட்டில் முடியாது. இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர்கள் விழுவதற்கு இது முக்கியமான காரணம். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் அதுவும் நோய்தான். ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை எதுவும் இதில் பங்கு வகிக்கலாம். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் உட்கார வைத்து மட்டுமே பார்க்கிறார்கள். கால் தசை பலவீனமும் உண்டு. நாற்காலியைப் பிடித்தபடி குதிகால் உயர்த்துவது, ஒற்றைக்காலில் நிற்பது போன்ற பயிற்சிகள் எண்பது வயதிலும் பலன் தருகின்றன.

ஒரு எச்சரிக்கை. சுற்றல் விடாமல் தொடர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி, அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது "தலை சுத்துது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது சுற்றுகிறது, புரளும்போதா, எழும்போதா, நடக்கும்போதா, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். புரளும்போதுதான் என்றால், படுக்க வைத்துக் கண்ணைச் சோதிக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.