மூடியில் 91, பம்பில் 91: இரண்டும் ஒன்றல்ல

சோஹாரில் பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு.

ஒக்டேன் எண் பெற்றோலின் பலத்தைக் காட்டுவதல்ல. எஞ்சினுக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது பெற்றோல் நேரம் தப்பி வெடிக்காமல் தாங்கும் அளவையே காட்டுகிறது. அப்படி வெடித்தால் எஞ்சின் 'டக்டக்' என்று தட்டும்; நாளடைவில் பிஸ்டன் பழுதாகும். இங்குள்ள கோடைச் சூடு இதைக் கூட்டும்.

ஓமானின் எம்91, எம்95 என்பவை ஆர்.ஓ.என். என்ற ஒரு சோதனையின் எண்கள். அமெரிக்கா தருவதோ இரண்டு சோதனைகளின் சராசரி. ஆகவே அங்கிருந்து இறக்கிய காரின் பெற்றோல் மூடியில் 91 என்றிருந்தால், இங்கே எம்95 அடிக்க வேண்டும். ரியாலையும் ரூபாயையும் ஒரே நிரலில் கூட்டுவோமா?

87 என்றிருந்தால் எம்91 போதும். மேலதிகமாகக் கொடுக்கும் பைசா வீண். மூடியையும் கைநூலையும் பார்த்தபின் பம்புக்குப் போங்கள்.