மரத்தை மெருகிடும் பொறி

இழைப்புளியால் இழைத்த பலகையிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் எஞ்சியிருக்கும். அவற்றைப் போக்கத் தச்சர் உப்புத்தாளை மரத்தின் நார் ஓடும் போக்கிலேயே தேய்ப்பர். குறுக்கே தேய்ப்பின் கீறல் விழும். இவ்வேலையை இன்று மின்கலத்தால் இயங்கும் கைப்பொறி ஒன்றும் செய்கின்றது.

அதன் அடியில், பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, வட்டத் தட்டு ஒன்று உண்டு. உப்புத்தாள் அதில் ஒட்டப்பெறும். தட்டின் நடுவிடம் பொறியின் அச்சினின்று சிறிது விலகியுள்ளது. ஆதலின், தட்டு தன்னைத்தானே சுழல்வதோடு அச்சையும் சுற்றி வருகின்றது. கதிரவனைச் சுற்றும் பூமியைப் போல என்னலாம். தாளிலுள்ள துகள் சென்ற வழியே மீண்டும் செல்வதில்லை. கீறல்கள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றன.

இங்கே கைவலிமையைக் காட்டலாகாது. தட்டு தளர்வாகச் சுழலுமாறு அமைந்தது. அழுத்தினால் சுழற்சி நின்று, சுருள்சுருளான வடுக்கள் பலகையிற் பதியும். பொறியின் எடையே போதும். கை அதனை மெல்ல நகர்த்தினால் அமையும். 80 எண் தாளில் தொடங்கி 120, 180 எனப் படிப்படியாகச் செல்க. இடையிலுள்ள தாளை விடுத்தால் முதல் தாளின் கீறல் மறையாது.

கம்பியின்மை வசதியே. ஆயினும் இப்பொறி மின்னை விரைந்து செலவிடுவதால், மாற்று மின்கலமும் உடன் வேண்டும். வாங்குவோர் இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது தூசிப்பை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பவற்றுள் ஒன்றென 1995-இல் வெளியிட்டது. தட்டின் துளைகள் தூளை ஈர்த்துப் பையிற் சேர்க்கும். மிக நுண்ணிய தூளோ அதற்கும் தப்பிக் காற்றில் மிதக்கும். அதனால் பை இருப்பினும் முகமூடி அணிந்தே பொறியை இயக்குதல் வேண்டும்.