மேகத்தின் ஓரம் எங்கே?

காலை பத்து மணி வாக்கில் பஞ்சுப்பொதி போல மிதந்து போகும் ஒரு சிறு மேகத்தின் ஓரத்தை மட்டும் ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். பிசிறு பிசிறாகப் பிரிந்து நீலத்துக்குள் கரைந்துகொண்டே இருக்கும். மேகம் இன்ன இடத்தில் முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் இதே சங்கடம்தான்.

அது தேடுவது ஏரோசால்களை. கடல் உப்பு, பாலைவனத் தூசு, விறகுப்புகை, ஆலைப்புகை எனக் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான். இந்தத் துகள்கள் சிதறடிக்கும் வெயிலின் பிரகாசத்தை வைத்தே அவற்றின் அளவைக் கணக்கிட வேண்டும். பக்கத்தில் மேகம் இருந்தால் கணக்கு குழம்பிவிடும். அதனால் 1999-இல் ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவித் தரவில் மேகப் புள்ளிகளை முதலில் நீக்குகிறார்கள். நிலப்பரப்பின் மேல் என்றால், மிஞ்சியவற்றிலும் மிகப் பிரகாசமான பாதியையும் மிக இருண்ட ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிடுகிறார்கள். அவ்வளவு கவனத்துக்குப் பிறகும், மேகத்தை நெருங்க நெருங்க ஏரோசால் கூடுவதாகவே கணக்கு காட்டுகிறது.

அதில் ஒரு பகுதி நிஜம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போம். மேகத்தைச் சுற்றியுள்ள ஈரக்காற்றில் துகள்களும் அப்படித்தான் நீரை இழுத்து ஊதிப் பெருக்கின்றன. பெருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கும். கருவியின் கண்ணில் படாத மேகத் துணுக்குகளும் ஏரோசால் கணக்கில் சேர்ந்துவிடுவதுண்டு.

இன்னொரு காரணம்தான் என்னை வியக்கவைக்கிறது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் விழும் வெயில் நம் இருட்டறைக்கும் வெளிச்சம் தருகிறதல்லவா? மேகமும் ஒரு வெள்ளைச் சுவர். அது பக்கவாட்டில் வீசும் ஒளியைப் பக்கத்திலுள்ள காற்று மூலக்கூறுகள் வாங்கி மேலே சிதறடிக்கின்றன. மூலக்கூறுகள் நீலத்தையே அதிகம் சிதறடிப்பதால், அந்த இடம் செயற்கைக்கோளுக்குக் கூடுதல் நீலமாகத் தெரிகிறது. அங்கே நுண்ணிய புகைத்துகள் நிறைந்திருப்பதாகக் கணக்கு ஏமாந்துபோகிறது. நாசாவின் அலெக்சாண்டர் மார்ஷக் குழுவினர் இதைப் படிப்படியாக விளக்கினார்கள்.

நிஜத்தையும் மாயத்தையும் பிரிக்க, வெயிலை நம்பாத கண் வேண்டியிருந்தது. 2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள் தன் லேசரைத் தானே பாய்ச்சி, இரவிலும் அளந்தது. கடல்களின் மேல் மேகத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வரை துகள் மாற்றம் உண்மையாகவே இருப்பது அதில் தெரிந்தது. அந்தப் பட்டையை முழுவதும் ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பூமியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எப்போதும் மேகம் மூடியிருக்கிறது. ஓரங்களையும் கழித்தால் அளக்க மிஞ்சும் வானம் கொஞ்சம்தான், அதுவும் வறண்ட வானம்.

நமக்கு வேண்டிய சேதியோ அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மேகத்துளியும் ஒரு துகளைச் சுற்றியே பிறக்கிறது. துளிக்குள் கந்தக வாயு கரைந்து சல்பேட்டாக மாறுகிறது. துளி ஆவியானதும், உள்ளே போனதைவிடக் கனத்த துகள் ஒன்று காற்றுக்குத் திரும்புகிறது.