பின்னலோடு பணமும் போகட்டும்

இங்கிலாந்தில் பள்ளிச் சிறுமிகள் சிலர் இடுப்புவரை வளர்த்த கூந்தலை வெட்டப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். உறவினர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதற்காகப் பணம் போடுவார்கள். பின்னலும் வசூலான தொகையும் பெரும்பாலும் 'லிட்டில் பிரின்சஸ் டிரஸ்ட்' அமைப்புக்குப் போகும். புற்றுநோய்க்கு மகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2006-ல் தொடங்கியது இது. முடி இழந்த குழந்தைகளுக்கு அசல் முடியில் செய்த விக்கை இலவசமாகத் தருகிறது. குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நிதி கொடுக்கிறது.

மொட்டை போடுவது நமக்குப் புதிதல்ல. பழனியில் மொட்டை, அதற்கு மனமில்லாத பெண்களுக்குப் பூமுடி. அதே மனசு மருத்துவத்தின் பக்கமும் திரும்பினால் நல்லது.

முடி ஏன் கொட்டுகிறது?

கீமோதெரபி மருந்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. மயிர்க்காலில் உள்ள செல்லும் அப்படித்தான். அதனால் சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் தலையணையிலும் சீப்பிலும் கொத்தாக வரும். புருவமும் இமைமுடியும்கூட உதிரலாம். டாக்சோரூபிசின், பாக்லிடாக்செல் போன்றவற்றில் இது அதிகம். எல்லா மருந்திலும் இப்படி ஆவதில்லை. கதிர்வீச்சில், கதிர் பட்ட இடத்து முடி மட்டுமே உதிரும்.

கீமோவால் கொட்டிய முடி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளரும். முதலில் சுருட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம். முடி போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. முடி கொட்டுமா என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வெட்டும் முறை

முடியைப் பெறும் பல அமைப்புகள் குறைந்தது 12 அங்குல நீளம் கேட்கின்றன. அளவு இடத்துக்கு இடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். தலைக்குக் குளித்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, பின்னலின் மேலும் கீழும் ரப்பர் பேண்டு போட்டு, மேல் பேண்டுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சை பிடித்து வீணாகும்.

சலூன் தரையில் கூட்டி அள்ளிய முடி இதற்கு உதவாது. ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டுக்கூரை போல நுண்ணிய செதில்கள் நுனி நோக்கிப் படிந்திருக்கும். வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறிக் கலந்தால் செதிலோடு செதில் மாட்டிச் சிக்கு விழும். கட்டி வெட்டச் சொல்வது அதற்காகத்தான்.

முடி மட்டும் போதாது

ஒரு விக்குக்குப் பலருடைய முடி வேண்டும். நீளம், நிறம் பார்த்துப் பிரித்து, வலைத்தொப்பியில் கையால் முடிச்சிட்டுக் கோக்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை. முடி இலவசமாக வந்தாலும் கூலிக்குப் பணம் வேண்டும். எனவே பணம் திரட்டுவதையே நான் பெரிதாக நினைப்பேன். சாயமடித்த முடி, குட்டை முடி என்று ஒதுங்க வேண்டியதில்லை. வெட்டப்போவதாக அறிவித்து வசூலித்துக் கொடுத்துவிடலாம்.

துணைக்கு நானும் மொட்டை போடுகிறேன் என்று கிளம்புமுன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலருக்கு அது தெம்பு, சிலருக்குச் சங்கடம். நம் ஊர் வெயிலில் விக்கே வேண்டாம், பருத்தித் துணி போதும் என்பவர்களும் உண்டு. வேண்டும் என்பவர், முடி கொட்டுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அளவு கொடுத்துவிட்டால் நிறமும் வகிடும் பொருத்தமாக அமையும்.